அடி விழுந்த ராத்திரி முதல் கோர்ட் உத்தரவு வரை: நெல்லைப் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

என் சித்தி மகள் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஊரில் வாக்கப்பட்டு ஏழு வருஷம் அடி வாங்கினாள். எட்டாவது வருஷம் ஒரு நாள் காலையில் பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "எக்கா, இனிமே என்னால முடியாது, எங்க போகணும் சொல்லு" என்று போன் பண்ணினாள். எனக்கும் தெரியாது. கோர்ட் இருக்கும் பக்கமே போகாத ஆள் நான். அப்புறம் ஆஸ்பத்திரி, மகளிர் ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ், வக்கீல், கோர்ட் என்று ஒன்றரை வருஷம் அவளோடு நடந்தேன். அந்த நடையில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, கூடப் போனவள். அதனால் சட்டத்தோடு சேர்த்து எந்த இடத்தில் கால் இடறும் என்பதையும் சொல்ல முடியும்.

மற்றதெல்லாம் மறந்துபோனாலும் ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள்: எந்த வாசலுக்குப் போனாலும் வெறுங்கையோடு திரும்பாதீர்கள், ஒரு தாள் வாங்கிக்கொண்டு வாருங்கள். ஆஸ்பத்திரியில் ஒரு தாள், ஸ்டேஷனில் ஒரு தாள், சமூக நல ஆபீஸில் ஒரு தாள். முதுகில் இருக்கும் தழும்பு ஆறிவிடும், ஆறு மாசம் கழித்து மாஜிஸ்திரேட் முன்னால் போய் நிற்கும்போது கையில் இருப்பது அந்தத் தாள்கள்தான்.

எது வன்முறை, யார் கேட்கலாம்

சட்டத்தின் பெயர், குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26. கோர்ட் வட்டாரத்தில் எல்லாரும் டி.வி. (டொமஸ்டிக் வயலன்ஸ், அதாவது குடும்ப வன்முறை) கேஸ் என்றுதான் சொல்வார்கள். முதல் தடவை கேட்டபோது என் சித்தி, "டிவியில வருமா, ஊரெல்லாம் பாக்குமா?" என்று பதறிவிட்டாள். ஊர் பார்க்காது. அந்தரங்கமாக விசாரிக்கச் சொல்லிக் கேட்கவே அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது.

கை நீட்டினால்தான் வன்முறை என்று நினைத்துக்கொண்டு பல பெண்கள் சும்மா இருந்துவிடுகிறார்கள். சட்டம் நான்கு வகை சொல்கிறது: உடல் வன்முறை, பாலியல் வன்முறை, வார்த்தையாலும் மனசாலும் செய்வது, பொருளாதார வன்முறை. கடைசியாகச் சொன்னதுதான் நம்ம பக்கம் அதிகம், ஆனால் அதை யாரும் ஒரு குற்றமாகவே எண்ணுவதில்லை. ராத்திரி பகலாகப் பீடி சுற்றி வரும் கூலியை வாரா வாரம் பிடுங்கிக்கொள்வது, மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வரும் ஏ.டி.எம். கார்டைத் தன் பர்ஸில் வைத்துக்கொள்வது, கேட்காமல் நகையைக் கொண்டுபோய் அடகு வைப்பது, வீட்டுச் செலவுக்குப் பத்து ரூபாய்க்கும் கெஞ்ச வைப்பது எல்லாம் அதில் வரும். பொம்பளைப் பிள்ளை பெற்றதைக் குத்திக் காட்டுவதும், "உங்க அப்பன் வீட்டுல என்னத்த போட்டான்" என்று தினம் ஒரு தரம் கேட்பதும்கூட வன்முறைதான்.

மனைவி மட்டும்தான் கேட்கலாம் என்றும் இல்லை. மகன் கையால் அடி வாங்கும் தாய், அண்ணன் வீட்டில் இருக்கும் தங்கை, புருஷன் செத்த பிறகு மாமனார் வீட்டில் இருக்கும் மருமகள், கல்யாணம் பண்ணாமல் புருஷன் பெண்டாட்டி போலவே குடித்தனம் நடத்திய பெண் எல்லாரும் கேட்கலாம். எதிர்த்தரப்பில் ஆம்பளை மட்டும்தான் இருக்க முடியும் என்ற நிலை முன்பு இருந்தது, 2016-ல் சுப்ரீம் கோர்ட் அதை நீக்கிவிட்டது. அதனால் மாமியார், நாத்தனார் மேலும் மனு போடலாம்.

"சம்பவம் நடந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது, இனி போட முடியாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மெட்ராஸ் ஐகோர்ட்டிலிருந்து மேலே போன ஒரு வழக்கில் 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது, டி.வி. மனு போடுவதற்கு அந்த ஒரு வருஷக் கெடு பொருந்தாது.

ரெண்டு பாதை இருக்கிறது, ரெண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்

ஒன்று டி.வி. கேஸ். இது மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடந்தாலும் தன்மையில் சிவில் விஷயம்தான். மனு போட்ட உடனே புருஷனைப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். உங்களுக்குக் கிடைப்பது பாதுகாப்பு, இருக்க இடம், பணம், பிள்ளைகள். இன்னொன்று போலீஸ் கேஸ். புருஷனும் அவர் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கு முன்பு 498ஏ என்று சொல்வார்களே, 2024 ஜூலை 1-லிருந்து அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-வது பிரிவு. மூன்று வருஷம் வரை சிறையும் அபராதமும் கிடைக்கலாம், ஆனால் அதனால் உங்கள் வீட்டு அடுப்பு எரியாது. அந்தத் தேதிக்கு முன் நடந்த கொடுமைக்குப் பழைய சட்டப் பிரிவிலேயே வழக்கு வரும்.

ரெண்டையும் சேர்த்தே நடத்தலாம், சட்டம் தடுக்கவில்லை. எதை முதலில் என்று என்னைக் கேட்டால், எலும்பு முறிந்திருந்தாலோ, கத்தி, மண்ணெண்ணெய் என்று உயிருக்கே ஆபத்து என்றாலோ யோசிக்காமல் எஃப்.ஐ.ஆர். தான். "அடிக்காமல் இருந்தால் போதும், வீட்டை விட்டுத் துரத்தாமல் இருந்தால் போதும், பிள்ளைகளுக்குச் சோறு போடணும்" என்பதுதான் தேவை என்றால் டி.வி. மனுதான் வேகமான வழி. 85-வது பிரிவில் புகார் கொடுத்தாலே உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனவர்கள் ஏமாந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். கைது அவசியம்தானா என்று பார்த்த பிறகுதான் செய்யணும் என்று 2014-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

முதல் படி: அந்த ராத்திரி

அடி விழுந்துகொண்டிருக்கும்போது சட்டம் பேச முடியாது. 112-க்கோ 100-க்கோ போன் பண்ணுங்கள். 181 பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள், அவர்கள் மூலமாகவே சகி என்கிற ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கும் போகலாம். சில நாள் தங்கவும், மருத்துவம், போலீஸ், சட்ட உதவி எல்லாவற்றுக்கும் வழி காட்டவும் உள்ள இடம் அது. உங்களால் பேச முடியாத நிலை என்றால் பக்கத்து வீட்டு மதினி உங்களுக்காகப் பேசலாம். நல்ல எண்ணத்தோடு தகவல் சொல்கிறவர் மேல் எந்த வழக்கும் வராது என்று சட்டத்தின் 4-வது பிரிவே சொல்கிறது. தெருவில் நின்று வேடிக்கை பார்க்கும் அண்ணாச்சிமார் இதைத் தெரிந்துகொண்டால் தேவலை.

பலரும் தடுமாறும் இடம், வீட்டை விட்டு வெளியே வருவதா வேண்டாமா என்பது. உயிருக்கு ஆபத்து என்றால் வந்துவிடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆபத்து இல்லை, கோபத்தில்தான் கிளம்புகிறீர்கள் என்றால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். வீடு யார் பெயரில் இருந்தாலும், நீங்கள் குடித்தனம் நடத்திய வீட்டில் தொடர்ந்து இருக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. "இது எங்க அப்பா பேர்ல உள்ள வீடு, உனக்கு என்ன பாத்தியதை" என்ற பேச்சுக்கு 2020 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் பதில் சொல்லிவிட்டது, மாமனார் மாமியார் பெயரில் உள்ள வீடும் பகிர்ந்து வாழ்ந்த வீடாக இருக்கலாம் என்று. வயசான அவர்கள் நிலைமையையும் கோர்ட் எடை போட்டுத்தான் பார்க்கும், அது வேற விஷயம். ஏற்கெனவே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டவர்களும் பயப்பட வேண்டாம், வெளியே வந்ததால் உரிமை போய்விடாது.

கிளம்புவதாக இருந்தால் ஒரு கட்டைப்பை முன்கூட்டியே தயாராக இருக்கணும், முடிந்தால் வேற வீட்டில். ஆதார், ரேஷன் கார்டு நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பேங்க் பாஸ்புக், கல்யாணப் பத்திரிகை, திருமணப் பதிவுச் சான்று இருந்தால் அது. பதிவு பண்ணவில்லை என்றாலும் கவலையில்லை, பத்திரிகையும் போட்டோவும் போதும். அப்புறம் நகைக் கடை ரசீது, அடகுச் சீட்டு, சீர் எழுதின நோட்டு. என் சித்தி மகளிடம் ரசீது எதுவும் இல்லை. "இருபத்தஞ்சு பவுன் போட்டோம்" என்று வாயால்தான் சொல்ல முடிந்தது. கடைசியில் கைகொடுத்தது கல்யாண ஆல்பம். மணவறையில் அவள் கழுத்தில் கிடந்த ரெட்டை வடமும், கையில் எத்தனை வளையல் என்பதும் போட்டோவில் எண்ணிப் பார்க்கிற மாதிரி இருந்தது. அதனால் ஆல்பத்தைப் போட்டோ எடுத்து அக்கா தங்கச்சி போனுக்கு அனுப்பி வைத்துவிடுங்கள். உங்கள் போனை அவர் பார்ப்பார் என்றால், அனுப்பின கையோடு அழித்துவிடுங்கள்.

ரெண்டாவது படி: ஆஸ்பத்திரி

சின்னக் காயம்தானே, மஞ்சள் வைத்தால் சரியாகிவிடும் என்று விடாதீர்கள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தாலுகா ஆஸ்பத்திரியோ, பாளையங்கோட்டையில் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியோ, எது பக்கமோ அது. அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். டாக்டர் "எப்படி ஆச்சும்மா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில் அப்படியே அந்தத் தாளில் ஏறும்.

இதில்தான் நாங்கள் சறுக்கினோம். முதல் தடவை சித்தி மகள் மண்டை உடைந்து போனபோது, மாமியார் பக்கத்திலேயே நின்றதால், படியில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டாள். ஆறு தையல். ரெண்டு வருஷம் கழித்து அந்தத் தாளை எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்துக் காட்டி, "நீங்களே வழுக்கி விழுந்தேன்னுதானே சொல்லியிருக்கீங்க" என்றபோது இவள் வாயில் வார்த்தை வரவில்லை. ரெண்டாவது தடவை நான் கூடப் போனேன். மாமியாரை வெளியே நிற்கச் சொல்லி நர்ஸிடம் கேட்டுக்கொண்டோம். இன்னார் புருஷன், இத்தனை மணிக்கு, வீட்டில் வைத்து, அரிவாள்மனைக் கட்டையால் அடித்தார் என்று சொன்னாள், அப்படியே எழுதினார்கள். அந்த ஒரு வரிதான் அவள் கேஸையே தாங்கியது.

காயத்தை வீட்டிலும் போட்டோ எடுங்கள். முகமும் காயமும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒன்று, காயம் மட்டும் கிட்டத்தில் ஒன்று. வாட்ஸ்அப் மிரட்டல், வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள், எந்த போனில் வந்ததோ அந்த போனையும் மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்டில் கொடுக்கும்போது தனியாக ஒரு சான்றிதழ் வைக்கணும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

மூன்றாவது படி: ஸ்டேஷன்

மகளிர் ஸ்டேஷனுக்கும் போகலாம், உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கும் போகலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று எந்த ஸ்டேஷனும் புகாரைத் திருப்பி அனுப்ப முடியாது, வாங்கி எண் போட்டு உரிய இடத்துக்கு அனுப்பணும். சென்னையில் மளிகைக்கடை வைத்திருக்கும் புருஷனிடம் அடி வாங்கிவிட்டு திசையன்விளைக்குத் திரும்பி வந்த பெண், தஞ்சம் புகுந்த ஊரிலேயே கொடுமைப் புகார் கொடுக்கலாம் என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

புகாரை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள், ரெண்டு நகல். அங்கே உட்கார்ந்து எழுதினால் பாதி மறந்துபோகும், மீதி அவர்கள் சொல்கிற மாதிரி எழுதத் தோன்றும். கொடுத்ததும் சி.எஸ்.ஆர். கேளுங்கள். மனு ரசீது என்றும் சொல்வார்கள், எண்ணும் தேதியும் சீலும் இருக்கும் ஒரு சின்னத் தாள்தான். எஃப்.ஐ.ஆர். உடனே போடாமல், ரெண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிக்கிறோம் என்பார்கள். குடும்ப விஷயத்தில் கொஞ்சம் விசாரித்துவிட்டுப் பதிய இடம் இருக்கிறது, ஆனால் விசாரணை என்ற பெயரில் மாசக்கணக்கில் இழுக்க இடம் இல்லை.

நாங்கள் போன ஸ்டேஷனில் (எது என்று சொல்லப் போவதில்லை) ஒரு மத்தியானம் முழுக்க உட்கார வைத்து, "ஏம்மா, ரெண்டு பிள்ள இருக்குல்லா, அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி, அவனிடம் இனிமேல் அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கி, இவளிடம் "புகாரில் மேல் நடவடிக்கை வேண்டாம்" என்று கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். பத்தே நாள். திரும்பவும் அடி. சமாதானமாகப் போவது தப்பில்லை, அது அவரவர் இஷ்டம். ஆனால் கையெழுத்துப் போடும் முன் முழுசாக வாசியுங்கள், "மேல் நடவடிக்கை வேண்டாம்" என்ற வரியை எடுக்கச் சொல்லுங்கள், "மறுபடி நடந்தால் நடவடிக்கை எடுக்கச் சம்மதம்" என்று அவரை எழுதச் சொல்லுங்கள், முக்கியமாக அதன் நகலை வாங்குங்கள். எழுதிக் கொடுத்ததையே அவன் மீறினான் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சியம்.

புகாரை வாங்கவே மாட்டேன் என்றால் மேலே போகலாம். நெல்லை மாநகர எல்லை என்றால் கமிஷனர் ஆபீஸ், புறநகர் என்றால் எஸ்.பி. ஆபீஸ். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆகிவிட்டதால் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தனி எஸ்.பி., தனிக் கலெக்டர். இன்னும் பழைய ஞாபகத்தில் சங்கரன்கோவிலிலிருந்து, நெல்லை கலெக்டர் ஆபீஸ் இருக்கும் கொக்கிரகுளத்துக்கு வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். பதிவுத் தபாலில் அனுப்பினால் அந்த ரசீதும் ஒரு தாள்.

ஊர்க்கூட்டம் பற்றியும் சொல்லணும். பெரியவர்கள் பேசி இருவரையும் சேர்த்து வைப்பதோ, பேசிப் பிரித்து விடுவதோ நம்ம பக்கம் காலங்காலமாக உண்டு. ஆனால் முத்திரைத்தாளில் விடுதலைப் பத்திரம் என்று எழுதி, ஒரு தொகையைக் கையில் கொடுத்து, இனி ஜீவனாம்சம் கேட்க மாட்டேன் என்று கைநாட்டு வாங்குகிறார்களே, அதில் மட்டும் வக்கீலைப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

நான்காவது படி: பாதுகாப்பு அலுவலர்

பாதி பேருக்கு இந்த வாசல் இருப்பதே தெரியாது. மாவட்ட சமூக நல அலுவலகத்தோடு சேர்ந்து பாதுகாப்பு அலுவலர் இருப்பார். நெல்லையில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கேட்டால் காட்டுவார்கள். ஜங்ஷனிலிருந்து வந்தால் சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டியதும் இறங்கணும், சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசும் கிடையாது. திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். அன்றைக்கு மனு நாள், கூட்டத்தில் உங்களை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அவர் உங்களிடம் எல்லாம் கேட்டு, குடும்ப நிகழ்வு அறிக்கை என்று ஒன்று தயார் பண்ணுவார், ஆபீஸ் பேச்சில் டி.ஐ.ஆர். எந்தத் தேதியில் என்ன நடந்தது, யார் யார் செய்தது, நகை, பணம் என்ன ஆச்சு, உங்களுக்கு என்ன வேணும் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அதை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவதும், உங்களுக்கு ஒரு நகல் கொடுப்பதும், தங்க இடம், வைத்தியம், இலவச வக்கீல் எல்லாம் ஏற்பாடு பண்ணுவதும் அவர் வேலை. கட்டணம் கிடையாது. அந்த அறிக்கை இருந்தால்தான் கோர்ட் மனுவை எடுக்கும் என்று சிலர் சொல்வார்கள், அப்படி இல்லை. நேராகவும் கோர்ட்டில் மனு போடலாம், 2022 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டே அறிக்கை கட்டாயம் இல்லை என்றது. இருந்தாலும் வாங்கிவிடுங்கள், ஒரு அரசு அதிகாரி கையெழுத்துப் போட்ட தாளுக்கு ஒரு கனம் உண்டு.

ஐந்தாவது படி: வக்கீல்

காசு இல்லையே என்பதுதான் பலருக்கும் பெரிய கவலை. 1987-ம் வருஷத்து சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண் என்றாலே இலவச வக்கீலுக்குத் தகுதி, வருமானச் சான்று வேண்டியதில்லை. பாளையங்கோட்டை மாவட்டக் கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அம்பாசமுத்திரம், வள்ளியூர் மாதிரி தாலுகா கோர்ட் இருக்கும் ஊர்களில் வட்ட சட்டப்பணிகள் குழுவில் கேளுங்கள். போனில் கேட்க 15100.

இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று நடத்துவார் என்ற பேச்சு உண்டு. எங்களுக்கு வந்த அம்மா அப்படி இல்லை, ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல் நாளே போன் பண்ணுவார். சரியாக அமையவில்லை என்றால் வேற வக்கீல் கேட்டு அங்கேயே எழுதிக் கொடுக்கலாம். யாராக இருந்தாலும் வெற்றுத்தாளில் கையெழுத்துக் கொடுக்க வேண்டாம், மனுவைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆறாவது படி: மனுவில் என்ன கேட்பது

மனுவை எங்கே போடுவது? நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊர், தற்காலிகமாக அம்மா வீட்டில் இருந்தாலும் சரி, அந்த எல்லைக்குரிய மாஜிஸ்திரேட் கோர்ட். நீங்கள் வேலை பார்க்கும் இடம், புருஷன் இருக்கும் இடம், சம்பவம் நடந்த இடம் எதுவும் ஆகும். பம்பாயில் நடந்த அடிக்கு நாங்குநேரியில் மனு போடலாம்.

கேட்கக்கூடியது ஒன்றல்ல. 18-வது பிரிவில் பாதுகாப்பு உத்தரவு: அடிக்கக்கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வரக்கூடாது, போனில் தொல்லை கொடுக்கக்கூடாது, நகையையும் சொத்தையும் விற்கக்கூடாது. 19-ல் குடியிருப்பு: வீட்டை விட்டு வெளியேற்றக்கூடாது, தேவைப்பட்டால் புருஷனையே வெளியே போகச் சொல்லலாம், இல்லையென்றால் அதே தரத்தில் வேற வீடோ வாடகையோ. ஆனால் மாமியாரை வெளியே அனுப்பு என்று கேட்க முடியாது, பெண்களை வீட்டை விட்டு வெளியேற்றும் உத்தரவு அந்தப் பிரிவில் கிடையாது. சீதனத்தைத் திருப்பிக் கேட்பதும் 19-லேயே. 20-ல் ஜீவனாம்சம், வைத்தியச் செலவு, இழந்த சம்பாத்தியம். 21-ல் பிள்ளைகளைத் தற்காலிகமாக உங்களோடு வைத்துக்கொள்ள. 22-ல் மனவேதனைக்கு நஷ்டஈடு. எல்லாவற்றையும்விட முக்கியம் 23, அதாவது கேஸ் முடியும்வரை இடைக்கால உத்தரவு, அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே. மெயின் மனுவோடு சேர்த்தே இடைக்கால மனுவும் பிரமாண வாக்குமூலமும் போட்டிருக்கிறாரா என்று வக்கீலிடம் தவறாமல் கேளுங்கள். இதை விட்டுவிட்டால் மாசக்கணக்கில் பைசா வராது.

எழுதும்போது "தினமும் சித்திரவதை செய்தார்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் எடுபடாது. தேதி தெரியவில்லை என்றால் "போன பொங்கலுக்கு மறுநாள்", "சின்னவளுக்குக் காது குத்தின வாரம்" என்று யோசித்து வக்கீலிடம் சொல்லுங்கள், அவர் தேதியாக்கிக்கொள்வார். நாலைந்து சம்பவம் தெளிவாக இருந்தால் போதும். கோபத்தில் சூரத்தில் இருக்கும் நாத்தனார், அவள் புருஷன், ஒன்றுவிட்ட கொழுந்தன் என்று வீட்டு ஆள் எல்லாரையும் எதிர்மனுதாரர் ஆக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் சேர்வதற்கே வாய்தா போய்க்கொண்டிருக்கும், உண்மையாக அடித்தவன் பின்னால் ஒளிந்துகொள்வான்.

ஜீவனாம்சம் கேட்டால் ரெண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரம் பிரமாண வாக்குமூலமாகக் கொடுக்கணும், 2020 நவம்பரிலிருந்து இது நடைமுறை. "எனக்கு வேலையே இல்லை" என்று அவர் எழுதுவார், எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். அதனால் கடை போர்டை போட்டோ எடுங்கள், கடை பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருக்கும், வண்டி எண்ணைக் குறித்து வையுங்கள். சர்வே எண் தெரிந்தால் பட்டா சிட்டாவை ஆன்லைனில் நீங்களே பார்க்கலாம், பதிவுத்துறை தளத்தில் வில்லங்கமும் பார்க்கலாம். இவள் புருஷன் தினக்கூலி என்று எழுதிக் கொடுத்தான். அவன் பெயரில் இருந்த ஒரு ஏக்கர் வயலின் சிட்டாவை எடுத்து வைத்ததும் மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தார்.

ஏழாவது படி: கோர்ட்டில்

மனு வந்து சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயலணும், இது சட்டத்தில் இருப்பது. 60 நாளில் முடிந்த கேஸ் எதையும் நான் பார்க்கவில்லை. எங்களுக்கு இடைக்கால உத்தரவு வரவே நாலு மாசம் ஆனது. அதனால் அந்த மாசங்களுக்கான அரிசி பருப்பையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்காகும் என்பதால் கோர்ட்டில் தாமதம் ஆனாலும் முழுசாக நஷ்டம் இல்லை.

நோட்டீஸைப் பாதுகாப்பு அலுவலர் மூலம் ரெண்டு நாளுக்குள் சேர்க்கணும் என்று விதி. ஆள் துபாயில் இருக்கிறார் என்றால் சரியான முகவரி, வேலை பார்க்கும் கம்பெனி, மெயில் ஐடி எல்லாவற்றையும் வக்கீலிடம் முன்னாலேயே கொடுங்கள். நோட்டீஸ் கிடைத்தும் வராவிட்டால் அவர் இல்லாமலேயே உத்தரவு போடலாம்.

கவுன்சலிங்குக்குக் கோர்ட் அனுப்பலாம். அவர் பக்கத்தில் உட்காரவே பயமாக இருக்கிறது என்றால் அதைச் சொல்லுங்கள், தனித்தனியாகப் பேச ஏற்பாடு செய்வார்கள். கோர்ட்டுக்குப் போகும்போது கூட ஒரு ஆள் வேணும். வராந்தாவில் அவன் அண்ணன் வந்து, "என்ன தாயி, பிள்ளைகள பாக்கணும்னு அம்மைக்கு ஆசையா இருக்கு" என்று பேச்சுக் கொடுப்பான், மனசு இளகிவிடும். என்னைக் கேட்டால் அங்கே ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

எட்டாவது படி: உத்தரவு வந்த பிறகு

உத்தரவின் நகல் உங்களுக்கு இலவசம், உங்கள் பகுதி ஸ்டேஷனுக்கும் போகும். போனதா என்று நீங்களே ஸ்டேஷனில் ஒரு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறி அவர் வாசலில் வந்து நின்றாலே அது குற்றம்: ஒரு வருஷம் வரை சிறை, இல்லை 20,000 ரூபாய் வரை அபராதம், இல்லை ரெண்டும். போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனும் தானாகக் கிடைக்காது. நீங்கள் ஒருவர் சொல்லும் சாட்சியத்தை வைத்தே கோர்ட் முடிவுக்கு வரலாம். 112-க்குப் போன் பண்ணும்போது "புருஷன் அடிக்க வாரார்" என்று மட்டும் சொல்லாமல், "கோர்ட் பாதுகாப்பு உத்தரவு இருக்கு, அதை மீறி வந்திருக்கார்" என்று சொல்லுங்கள், வந்து சேரும் வேகமே வேற.

பணம் கட்டாவிட்டால் வழி தனி. அதற்கு மேலே சொன்ன தண்டனைப் பிரிவை நம்பாமல், உத்தரவை நிறைவேற்றித் தரச் சொல்லி அதே கோர்ட்டில் மனு போடணும், பாக்கி விழுந்து ஒரு வருஷத்துக்குள். வாரண்ட், சிறை வரை போகும். சம்பளக்காரர் என்றால் அவர் முதலாளியே சம்பளத்தில் பிடித்து உங்கள் கணக்கில் போட உத்தரவு வாங்கலாம். பேங்க் கணக்கு எண்ணையும் உத்தரவிலேயே எழுதச் சொல்லிவிடுங்கள், கையில் கொடுத்தேன் என்ற கதைக்கே இடமிருக்காது.

உத்தரவு பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல், அதற்கும் மேலே என்றால் மதுரையில் இருக்கும் ஐகோர்ட் கிளை. எதிர்த்தரப்பும் அப்பீல் போகலாம், போனதாலேயே உங்கள் உத்தரவு நின்றுவிடாது, மேல் கோர்ட் தனியாக நிறுத்தி வைத்தால்தான் நிற்கும்.

என் சித்தி மகள் இப்போதும் அதே ஊரில்தான் இருக்கிறாள், தனி வீட்டில், மாசம் அவன் பாதி கட்டுவான், மீதிக்கு மனு போட்டிருக்கிறோம். உத்தரவின் ஒரு நகல் அவள் பீடித் தட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது, ஒன்று என் பீரோவில், ஒன்று பக்கத்து வீட்டு மதினி போனில் போட்டோவாக.